பெரிய வேலையாக்காதீங்க, பாஸ்

மாரி தொடங்கி மூன்றாம் நாள் விடிய, கண் திறக்கும் முன்னமே மூக்குத் திறந்துவிட்டது. ஈரச் சீமெந்து, ஊறிப்போன சுண்ணாம்பு, அதற்கும் அடியில் நாக்கில் காசை வைத்தது மாதிரி ஒரு துரு. முப்பது வருஷமாக ஊரார் வீடுகளில் நான் தேடித் தேடிப் போன மணம், இப்போது என் தலைமாட்டுக்கு மேலே வந்து நின்றது. படுத்தபடியே கையை நீட்டிப் புறங்கையால் சுவரைத் தொட்டேன். ஈரம் பார்க்க உள்ளங்கை உதவாது, அதற்கு எந்நேரமும் சூடு. புறங்கையில் சில்லென்று ஏறியது.

"ஒழுகுதா?" என்றாள் மனைவி பரீதா, குசினிக்குள்ளிருந்து.

"ஓம்."

"ஊர்ப்பட்ட ஒழுக்கெல்லாம் அடைச்ச மனிசன்ட வீட்ட சட்டி வைக்கிறம். வெளியில சொல்லிராதீங்க, வெக்கம்."

என் வலது தோள் இரண்டு வருஷமாகக் காதுக்கு மேலே எழும்புவதில்லை. ஐம்பத்திரண்டு வயதில் மேசன் கரண்டியைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டேன். ஆகவே மேலே ஏற ஒரு ஆள் வேண்டும். எங்கள் ஊரில் மேசன், தச்சன், வயரிங்காரன், பைப்காரன் எல்லாருக்கும் ஒரே பேர், பாஸ். சோதினை பாஸாகாதவனெல்லாம் பாஸ் என்று பள்ளிக்கூடத்திலேயே நக்கலடிப்பார்கள். கல்முனைப் பக்கத்துப் பாஸ்மாரில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். அதுதான் வினை. ஒருவர் ஃபோனை எடுத்து, எங்கள் பக்கத்து அண்ணன் முறையில், "காக்கா, உங்கட வீட்டுக்கா? உங்களுக்கு நாங்க வேலை செய்யிறதா?" என்று சிரித்தார், சிரித்தபடியே வைத்துவிட்டார். இன்னொருவர் வந்தார், அண்ணாந்து பார்த்தார், ஏணி எடுத்து வருகிறேன் என்று போனார். ஏணியும் வரவில்லை, அவரும் வரவில்லை. மூன்றாமவர் பொத்துவிலில் ஏதோ ஹோட்டல் கட்டுகிறாராம். "சின்ன வேலைதானே காக்கா, ஆறுதலாப் பாப்பம்." நாலாமவர் புதன்கிழமை என்றார். எந்தப் புதன் என்று நான் கேட்காமல் விட்டது என் பிழை.

இந்தக் கடுப்பில் நான் இருக்கும்போதுதான் ஒரு தம்பி வந்தான். எங்கள் பகுதி இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஃபோனில் ஒரு பட்டியல் போடுகிறார்களாம். எந்தப் பாஸ் எப்படி என்று வீட்டுக்காரர்கள் நட்சத்திரம் கொடுப்பார்களாம். பழைய ஆள் என்பதால் என்னையும் நாலு பேருக்குப் போடச் சொன்னான். கேள்விகளைக் காட்டினான். நேரத்துக்கு வருவாரா. வேலை முடிந்து இடத்தைக் கூட்டுவாரா. மூன்றாவது, நம்பிக்கையானவரா, ஓம் அல்லது இல்லை.

"நம்பிக்கையானவர் எண்டா, ஆருக்கு?" என்றேன்.

"வீட்டுக்காரருக்குத்தானே."

"எந்த வீட்டுக்காரருக்கு?"

அவன் என்னை, ஒழுகுகிற சுவரைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தான். "இதுல ஓம், இல்ல ரெண்டுதான் காக்கா இரிக்கு. வேற ஏதும் சொல்றதெண்டா எழுதித் தாங்களன்."

எழுதுகிறேன்.

தொழில் பழகின கதை சிறியது. பதினேழு வயதில் மண் அரித்தேன், பத்தொன்பதில் கலவை குழைத்தேன், இருபத்திரண்டில் பூச்சு. அவ்வளவும் மரியான் பாஸுக்குக் கீழே. கல்முனைக் கோயிலடி ஆள், கத்தோலிக்கர், சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய ஒல்லி மனிதர். அவர் எனக்கு எதையும் சொல்லித் தந்ததாக ஞாபகமில்லை. திட்டினார். நான் ஒரு கொப்பியில் எதையாவது கிறுக்குவேன் என்று தெரிந்த நாளிலிருந்து என் பேரை விட்டுவிட்டார். "கவிஞரே, சுவர் கோணுது." "கவிஞரே, அது மட்டமா, இல்லாட்டி உங்கட கற்பனையா?" வெற்றிலைச் சிவப்போடு அந்த "ரே"யை இழுக்கும்போது கரண்டியால் எறியவேண்டும் போல் இருக்கும்.

அவருடைய முறையைச் சொல்லவேண்டும், ஏனென்றால் அது என்னை விசராக்கிய முறை. புது வீட்டுக்கு முதல் நாள் போகும்போது ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. சுத்தியல் கையில் இருந்தால் உடைக்கத்தான் மனம் வருமாம். வெறுங்கையோடு போய், வீட்டுக்குள் ஏறாமல், வளவைச் சுற்றி ஒரு தரம் நடப்பார். கூரைப் பீலி எங்கே, கிணறு எங்கே, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும். ஒரு சொல் பேசமாட்டார். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, "சின்ன வேலைதான் பாஸ், பெரிய வேலையாக்காதீங்க பாஸ்," என்று அரற்றிக்கொண்டிருப்பார். அரை மணித்தியாலம் கழித்து மரியான் பாஸ் முன்வாசலில் நின்று, "குடிக்கத் தண்ணி தாங்க," என்பார். தண்ணீர் வரும். குடிப்பார். "பாப்பம்," என்பார். வந்துவிடுவார். செய்யலாம் என்றோ ஏலாது என்றோ முதல் நாள் அவர் வாயில் வந்ததே இல்லை.

தாகமென்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். என்னை மட்டும் ஒரு வீட்டுக்கு அனுப்பினார், குசினி நிலத்துக்குப் பூச்சு. அங்கே வீட்டு மருமகன், வங்கியில் வேலை, கழுத்துப் பட்டியோடு நின்றவர், "பாஸ், முன்னறையில காத்தே இல்ல, இந்தச் சுவரில ஒரு யன்னல் திறந்தா என்ன?" என்றார். முதல் முறையாக ஒருவர் என்னைத் தனியாகப் பாஸ் என்று சொன்னார். மத்தியானத்துக்குள் சுவரில் வாசல் போல ஓட்டை. கடற்காற்று குபீரென்று உள்ளே வந்து நாட்காட்டியைக் கிழித்துக்கொண்டு போனது. எனக்கு அது ஒரு கவிதை மாதிரி இருந்தது. சந்தைக்குப் போயிருந்த மாமியார் மீன் பையோடு வந்து நின்றா.

"ஆரக் கேட்டு என்ட சுவரில ஓட்டை போட்டாய்?"

மருமகனைக் காட்டினேன்.

"அவர் இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாசம்," என்றா. "இந்தச் சுவர் வந்து இருவது வருசம்."

மருமகனுக்கு அந்த நேரத்தில் லுஹர் தொழுகை ஞாபகம் வந்துவிட்டது. அன்று பொழுதுபட முன்னம், நான் எடுத்த கற்களை நானே ஒவ்வொன்றாகத் திருப்பி அடுக்கினேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. உம்மா மகளுக்குக் கொடுப்பா, மாப்பிள்ளை அங்கே வந்து சேர்வார். இது எனக்குத் தெரியாததல்ல. என் வாப்பாவும் அப்படி வந்து சேர்ந்தவர்தான். ஆனாலும் கழுத்துப் பட்டி கட்டின ஆம்பிளை உத்தரவு போட்டால் கை தானாக எழும்பிவிடுகிறது.

மரியான் பாஸ் போர்வைக்குள் கிடந்தபடி விசாரித்தார்.

"தண்ணி கேட்டியாடா?"

"கேட்டன்."

"ஆரு தந்தது?"

"அவர்தான் கொணந்து தந்தார்."

"அவர் ஆரிட்டக் கேட்டுக் கொணந்தார்?"

தண்ணீர் யார் கையிலிருந்து புறப்படுகிறதோ அவர்தான் வீட்டுக்காரர் என்று அப்போதுதான் விளங்கியது. "போம் கவிஞரே," என்று மறுபக்கம் திரும்பிப் படுத்தார். அவ்வளவுதான் அவர் தந்த படிப்பு. அதையும் திட்டாகத்தான் தந்தார்.

அவரை விட்டுத் தனியாகப் பிரிந்தபிறகு நான் எடுத்ததெல்லாம் சில்லறை வேலை. ஒழுக்கு, வெடிப்பு, உரிந்த பூச்சு, இறங்கிப்போன கதவு. பெரிய பாஸ்மார் தொடமாட்டாத வேலைகள். அதில்தான் நம்பிக்கை என்ற சொல்லின் எல்லா நிறங்களையும் கண்டேன். வெளிநாட்டிலிருந்து புருஷன்மார் ஃபோன் எடுத்து நம்பிக்கையான ஆளா என்று கேட்டால், மனைவி தனியாக இருக்கிற வீட்டில் நிலத்தைப் பார்த்து வேலை செய்வானா என்று அர்த்தம். வயதுபோன உம்மாமார் கேட்டால், அலுமாரித் துறப்பு, அதுதான் சாவி, வைத்த இடத்தில் இருக்குமா என்று அர்த்தம். வேலையின் நம்பிக்கையைப் பற்றி, அதாவது நான் அடைத்தது அடைபட்டிருக்குமா என்று, கேட்டவர்களை ஒரு கையால் எண்ணலாம்.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். நேர்மையான பாஸும் கள்ளப் பாஸும் வீட்டுக்காரர் காதுக்கு ஒரே ஆள்தான். "இது நீங்க நினைக்கிற மாதிரி சின்ன வேலை இல்ல" என்று இருவரும்தான் சொல்வார்கள். அதே குரல், அதே தலையசைப்பு. உண்மையைச் சொல்வதற்கு எனக்கென்று வேறு ஒரு வாய் கிடையாது. இந்த முடிச்சைக் கடைசி வரை என்னால் அவிழ்க்க முடியவில்லை. சுலைஹா ராத்தாவின் வீட்டில் அது என் கழுத்தையே இறுக்கியது.

சுலைஹா ராத்தா விதவை. கடற்கரை வீதியிலிருந்து மூன்றாவது ஒழுங்கை. மூத்த மகள்கள் இரண்டு பேருக்கும் வீடு கொடுத்து முடித்து, கடைக்குட்டி நஸ்மியாவோடு மிச்சமிருந்த வீட்டில் இருந்தா. நஸ்மியாவுக்கு அப்போது முப்பத்தொன்று. பாலர் பாடசாலையில் படிப்பித்தாள். பேசி வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாக விலகி, கடைசியில் கட்டாரில் வேலை செய்யும் ஒரு மாப்பிள்ளை. எல்லாம் பொருந்தி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். ராத்தா என்னைக் கூப்பிட்டது திங்கட்கிழமை.

வெறுங்கையோடு போனேன். வளவைச் சுற்றினேன். தண்ணீர் கேட்டேன், ராத்தாவே கொண்டுவந்து தந்தா. பிறகு முன்மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். மண்டபத்துக்குக் குறுக்கே, மேல் தட்டைத் தாங்கிக்கொண்டு ஒரு பீம். அதன் அடிவயிற்றில் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை நீளப்பாட்டில் ஒரு வெடிப்பு. அதன் ஓரமெல்லாம் தேயிலைச் சாயம் மாதிரிக் கறை.

"இதுக்கு ஒரு பூச்சும் பெயின்றும் போட்டா முடிஞ்சிதானே தம்பி," என்றா ராத்தா.

குறுக்கே ஓடும் வெடிப்பு வேறு. நீளத்துக்கு ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிப்போய், தன்மேல் இருக்கிற கொங்கிரீட்டை வெளியே தள்ளுகிறது என்று பொருள். கதிரையில் ஏறி விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடம் ணங்கென்று எலும்பு போலப் பேசும். இது முழு நீளமும் பழுத்த பூசணி போலத் தொப் தொப்பென்றது.

"நாளைக்கு வந்து ஒரு இடம் திறந்து பாக்கிறன்," என்றேன்.

செவ்வாய்க்கிழமை உள்ளங்கை அளவுக்கு மட்டும் கொத்தினேன். கொத்தக்கூடத் தேவைப்படவில்லை, திருப்புளியைச் செருகியதும் அடை அடையாகக் கழன்றது. உள்ளே சுண்டுவிரல் மொத்தத்தில் இருக்கவேண்டிய கம்பி, ஈர்க்கு மாதிரி மெலிந்து, அதைச் சுற்றிச் சிவப்புத் துகள். நகத்தால் சுரண்ட உதிர்ந்தது. கலவைக்குள்ளே குட்டி குட்டியாகச் சிப்பி. கடல் மண், அதன் உப்புத்தான் கம்பியைத் தின்றது. யுத்தத்தில் ரோட்டு மூடிக்கிடந்த காலத்தில் ஆற்று மண் லொறி வரவில்லை. இந்தக் கரை முழுக்க அப்படித்தான் கட்டினார்கள்.

ராத்தாவிடம் சொன்னேன். பூச்சு நிற்காது. முட்டுக் கொடுக்கவேண்டும், முழுவதும் திறந்து பழைய கம்பியை வெட்டிப் புதுக் கம்பி கட்டி, மறுபடி வார்த்து, இரண்டு கிழமை சாக்குப் போட்டு நனைக்கவேண்டும். ஒரு மாதம் போகும்.

ராத்தா சிப்பி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தா.

"என்ட மனிசன் கைவண்டியில அள்ளின மண். மூணு தரம் நல்ல தண்ணியில அலசினவர். நான்தான் தண்ணி வாத்தன். அப்ப அவர் பிழையாக் கட்டின எண்டு சொல்றியா?"

"அப்பிடி இல்ல ராத்தா. அலசினது காணாது."

"இருவத்தாறு வருசம் நிண்ட வீடு, இந்த வெள்ளிக்கிழமையோட விழப்போகுதா?"

"தெரியா. பத்து வருசமும் நிக்கும். நாளைக்கும் வரும்."

"தெரியாட்டி ஏன் கதைக்கிறாய்? உனக்கு இப்ப கையில வேலை இல்ல, அத நேரச் சொல்லு. பெரிய வேலையாக்கப் பாக்கிறாய்."

அந்த மாதம் என் கையில் வேறு வேலை இல்லை என்பது உண்மை. அது அவவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சொன்னதை நானே இன்னொரு தரம் கேட்டுப் பார்த்தேன். ஒரு கள்ளன் சொல்வது மாதிரியேதான் இருந்தது.

புதன்கிழமை காலை அவ வேறொரு பாஸைக் கூப்பிட்டுக் காட்டினா. அவர் கீழே நின்றே பார்த்து, "ரெண்டு பூச்சு, ஒரு பெயின்ற், கண்ணாடி மாதிரி ஆக்கித் தாறன்," என்றாராம். அந்த மனிதரை இப்போது தம்பியின் பட்டியலில் பார்த்தேன், ஐந்து நட்சத்திரம்.

அதே புதன் பின்னேரம், அஸர் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வெளியே வருகிறேன், செருப்பைத் தேடுகிற என் தோளில் ஒரு கை. மாப்பிள்ளையின் மாமா. அவர்தான் அந்தச் சம்பந்தத்தை நடத்துகிறவர் என்று ஊருக்கே தெரியும்.

"நீங்கதானே சுலைஹா ராத்தாட வீட்ட போறது?"

"ஓம்."

"வீடு எப்பிடி?"

"வெள்ளிக்கிழமை வந்து பாப்பீங்கதானே."

"நாங்க கண்ணால பாப்பம். நீங்க தட்டிப் பாத்திருப்பீங்க." சிரிக்காமல் சொன்னார். "கொமர்ப்புள்ளட விசயம் எண்டு மறைக்காதீங்க. எங்கட பொடியனும் அதுக்குக் கீழதான் படுக்கப்போறான்."

ஒன்றும் இல்லை, நல்ல வீடு என்று சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. பீம் போய்விட்டது என்று சொல்லவும் வரவில்லை. அதைச் சொல்ல நான் யார்? ஒரு வீட்டுக்குள் போய் வந்தவன், அந்த வீட்டின் வயிற்றுக்குள் கண்டதைத் தெருவில் வைத்துச் சொன்னால் அவனை எந்த வாசல் மறுபடி ஏற்றும்?

"வீட்டுக்காரங்களக் கேளுங்க," என்றேன்.

"அப்ப என்னவோ இரிக்கு," என்றார். என் தோளை இரண்டு தரம் தட்டினார், நான் பீமைத் தட்டினது மாதிரி. போய்விட்டார்.

நேரே ராத்தாவிடம் நடந்தேன். மஃரிபுத் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவ கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"ஒண்டும் இல்ல எண்டு ஒரு சொல். அது உன்ட வாயில வராமப் போச்சா? மூணு சம்பந்தம் போயிட்டு தம்பி. ஒண்டு நெறம் எண்டு, ஒண்டு வயசு எண்டு, ஒண்டு என்னத்துக்கெண்டே தெரியா. இது உன்ட வாயால போகப்போகுது. வாய் கெட்டியான ஆள், நம்பிக்கையான ஆள் எண்டுதான் உன்னக் கூப்பிட்டன்."

"ராத்தா, நான் வாய் திறக்கல்லயே."

"அதத்தான் சொல்றன்! திறந்து பொய் சொல்லியிருக்கணும்!"

அறை வாசல் திரைச்சீலை அசைந்தது. இத்தனை நாளும் அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறாள் என்று தெரியும், பேசிக் கேட்டதில்லை. நஸ்மியாவும் ஊரார் மாதிரி என்னைக் காக்கா என்றாள்.

"காக்கா, அது எங்க விழும்? விழுந்தா?"

"மண்டபத்துக்கு நடுவில. உங்கட அறை வாசலடியில இருந்து."

"மறைச்சிப் பூசினா, உள்ளுக்க நடக்கிறது நிக்குமா?"

"நிக்காது மகள். கண்ணுக்குத் தெரியாம நடக்கும்."

குசினியில் கேத்தல் மட்டும் கொதித்தது.

"அப்ப நாளைக்கு வந்து உடைங்க."

"நீ பேசாம இரி!" என்றா ராத்தா.

"உம்மா, வீடு என்ட பேரில." குரல் உயரவே இல்லை. "போன மாசம்தானே உறுதி எழுதினீங்க, இந்தக் கலியாணத்துக்கெண்டு. வீடு என்டது எண்டா பீமும் என்டதுதான். காக்கா, உடைங்க. வாறவங்க வந்து பாக்கட்டும்."

மூன்று நாளாக நான் யாரிடம் உத்தரவு கேட்டுக்கொண்டிருந்தேன்! தண்ணீர் கொண்டுவந்த கையைப் பார்த்தேன், சரிதான் என்று நினைத்தேன். உறுதி கைமாறியிருக்கும் என்று தோன்றவே இல்லை. மரியான் பாஸ் கேட்டிருந்தால் என் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருப்பார்.

வியாழக்கிழமை விடிய நாலு முட்டுக்கம்போடு போனேன். தட்டை இரண்டு பக்கமும் தாங்கிக் கொடுத்தேன். முட்டுக்கு அடியில் ஆப்பு, ஆப்பை ஒரே தரத்தில் அடிக்கக் கூடாது, நாலையும் மாறி மாறி, பாரம் ஒரு பக்கம் சாயாமல், மேலே தட்டு ஒரு மூச்சு விடுகிற வரை. பிறகு அடியிலிருந்து கொத்தத் தொடங்கினேன். கொங்கிரீட் துண்டு துண்டாக நிலத்தில் விழ, ஒவ்வொரு தரமும் குசினிக்குள் ஒரு பாத்திரம் சத்தமாக வைக்கப்பட்டது. அஸருக்குள் பீம் முழுக்கத் திறந்துவிட்டது. கம்பிகள் வரிசையாக, உரித்த மீனின் முள்ளுப் போல. அந்த நாலு முட்டில்லாமல் அதற்குக் கீழே நிற்க எனக்கே மனம் வரவில்லை. ராத்தா வந்து ஒரு தரம் அண்ணாந்து பார்த்தா. திரும்பிக் குசினிக்குள் போய்விட்டா.

வெள்ளிக்கிழமை வந்தார்கள், ஆண்கள் மூன்று பேர், பெண்கள் மூன்று பேர். நான் பின்வளவில் சாக்குகளை உதறிக்கொண்டு நின்றேன், போகவேண்டாம், ஏதும் கேட்டால் விளக்கம் சொல்லவேண்டும் என்று நஸ்மியா சொல்லியிருந்தாள். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. முட்டுக்கம்புகளுக்கு இடையில் கதிரை போட்டு இருந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா கேட்பது யன்னலால் கேட்டது.

"மகள், இதென்ன இது?"

"பழுது மாமி. திருத்துறம்."

"நாங்க வாற அண்டைக்கா?"

"மாமா பாஸிட்ட வீட்டைப் பத்தி விசாரிச்சாராம். அதான் திறந்து காட்டுவம் எண்டு."

யாரோ ஒருவர் இருமினார். பிறகு சாப்பாட்டுச் சத்தம். இறைச்சி நல்ல ருசி என்று சொன்னார்கள். வளவு வாசல் கடப்படியில் நின்று, யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். மாமா போகிற வழியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இருந்ததா, நக்கல் இருந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அவர்கள் யோசித்ததைச் சொல்லவே இல்லை. ஒரு கிழமை போனது, இரண்டு போனது. ஃபோன் அடிக்கும்போதெல்லாம் குசினிக்குள் நடமாட்டம் நிற்கும், பிறகு தொடரும். மூன்றாம் கிழமை அதே மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் பேசி முடித்ததாக ஊரில் கதை வந்தது. அதோடு இன்னொரு கதையும் வந்தது. மீன் வாங்க நின்ற இடத்தில் ஒரு பெண் என் முகத்துக்கு நேரே கேட்டா, "நீதானே ஒரு வேலை பிடிக்கிறதுக்காக ஒரு கொமர்ட கலியாணத்தக் குழப்பின பாஸ்?" கையிலிருந்த கீரி மீனை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

பீம் விழுந்திருக்குமா? தெரியாது. விழாமல் நின்ற ஒன்றுக்கு யாரும் சாட்சி சொல்ல வருவதில்லை. நஸ்மியாவுக்குக் கலியாணம் நடந்ததா என்று கேட்பீர்கள். நடந்தது, நாலு வருஷம் கழித்து. அந்த நாலு வருஷத்தில் அவள் கண்ட காலைகளையும் மாலைகளையும் எந்தக் கலவை குழைத்து நான் அடைக்கிறது? கம்பியின் கணக்கு எனக்குப் பாடம். இந்தக் கணக்கு இன்றுவரை ஓடவில்லை. நட்சத்திரப் பட்டியல் போடுகிற தம்பிமாருக்கு ஓடினால் சொல்லட்டும்.

ஆனால் வேலையை முடித்தேன். நாவிதன்வெளிப் பக்கத்திலிருந்து ஆற்று மண் எடுத்து, நல்ல தண்ணீரில் கலந்து, புதுக் கம்பி கட்டி வார்த்தேன். அந்த ஒரு மாதமும் சுலைஹா ராத்தா என்னோடு நேரே ஒரு சொல் பேசவில்லை. நான் இரண்டு முழத்தில் நிற்பேன், அவ மகளைப் பார்த்துச் சொல்லுவா, "பாஸுக்குச் சொல்லு, தேத்தண்ணி ஆறுது." நஸ்மியா திரைக்குப் பின்னாலிருந்து, "காக்கா, தேத்தண்ணி ஆறுதாம்." நான் நஸ்மியாவுக்குச் சொல்லுவேன், "குடிச்சிட்டன் எண்டு சொல்லுங்க." ஒருநாள் பகல் மகள் படிப்பிக்கப் போயிருந்தாள், நடுவில் ஆள் இல்லை. ராத்தா பூனையைப் பார்த்துச் சொன்னா, "சாக்கு காஞ்சி போச்சி, நனைக்கல்லயாம்." நான் நனைத்தேன்.

கடைசி நாள் ஆப்புகளைத் தளர்த்தினேன். நாலையும் மாறி மாறி, ஒவ்வொரு அடியாக. முட்டுக்கள் தாமாகச் சாய்ந்தன, மேலே ஒன்றும் அசையவில்லை. கதிரையில் ஏறித் தட்டிப் பார்க்கப் போனேன். அதற்கு முன் நஸ்மியா திரையை விலக்கிக்கொண்டு, முந்தானையை நெற்றிக்கு இழுத்து விட்டபடி வெளியே வந்தாள். "நான் தட்டிப் பாக்கட்டா காக்கா?" கதிரையைப் பிடித்துக்கொண்டேன். ஏறி, விரல் கணுவால் ஒரு நுனியிலிருந்து நடு வரைக்கும் தட்டிக்கொண்டே போனாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். இறங்கி, விழுந்து கிடந்த தூசியைக் கூட்டத் தொடங்கினாள்.

நான் முட்டுக்கம்புகளைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு கடப்படிக்கு வந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சுலைஹா ராத்தா.

"தம்பி."

நின்றேன். கம்புப் பாரத்தோடு திரும்ப முடியவில்லை.

"வேலை நல்லாரிக்கு. ஆரும் ஆள் கேட்டா உன்ட பேரத்தான் சொல்லுவன்."

"சரி ராத்தா."

"கலியாணம் பேசுற வீடெண்டா சொல்லமாட்டன்."